கண்ணுக்குக் கீழே ஒன்றரை மீட்டர்

மார்ச் 4
எதிர்வீட்டுப் பல் டாக்டர் எங்கள் மரத்தை வெட்டச் சொல்லி நகராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறார். சாய்ந்தால் அவர் சுவரில் விழுமாம். இத்தனை வருஷம் அதன் நிழலில் காரை நிறுத்தியபோது விழாத மரம்! நிழல் போனால் தகரக் கூரைக்குக் கீழே அப்பா எப்படிக் கிடப்பார்? எழுந்து வேறு அறைக்கு நடக்கிற நிலையிலா இருக்கிறார்?

"விழாதுன்னு எப்படி டீச்சர் சொல்றீங்க? அளந்து பாத்தீங்களா?" என்று வேறு கேட்டார். யாரிடம் கேட்கிறார்!

மார்ச் 5
பாகைமானி, நூல், நுனியில் ஒரு நட்டு. மரத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்தேன். 37 டிகிரி. டேன் 37 என்பது 0.7536, பத்தால் பெருக்கினால் உயரம் ஏழரை மீட்டர். மரத்துக்கும் அவர் சுவருக்கும் எட்டரை. விழுந்தாலும் ஒரு மீட்டர் மிச்சம்.

படம் வரைந்து, செங்கோணம் குறித்து, கையெழுத்துப் போட்டு நகராட்சியில் கொடுத்தேன். ஒரு நகல் அவர் மேசையில். முகம் சுருங்கிவிட்டது. நன்றாக வேண்டும்.

மார்ச் 8
மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். "கணக்கு டீச்சர்கிட்ட யாரு வாய் குடுக்கிறது?" என்றாராம்.

மார்ச் 11
பத்தாம் வகுப்பு விடைத்தாள்கள். கொடிக்கம்பத்தின் உயரம். பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்டாத ஒருத்திக்குச் சிவப்பு மையில் அரை மதிப்பெண் குறைத்தேன். அடுத்த தாளை எடுத்த கை அப்படியே நின்றது.

நான் கூட்டினேனா?

முக்கோணம் என் காலடியில் தொடங்கவில்லை, கண்ணில் தொடங்குகிறது. அதற்குக் கீழே ஒன்றரை மீட்டர். மரம் ஒன்பது. சுவர் எட்டரை.

பதினெட்டு வருஷமா பிள்ளைங்ககிட்ட இதுக்குத்தானே மார்க்கைப் புடுங்கினேன் — அறிவு இருக்கா எனக்கு?

மார்ச் 12
யாருக்கும் தெரியாது. ஏன் சொல்லணும்? அந்த ஆள்கிட்ட போய்ப் பல்லிளிக்கணுமா? அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல்.

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் நோயாளிகள் உட்காரும் பெஞ்சு. இன்று ஒருத்தி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் 13
சொல்லிவிட்டேன், கணக்கில் விட்டதையும் அப்பாவின் தகரக் கூரையையும். அவர் சிரிக்கவில்லை, அதற்கும் கோபம் வந்தது எனக்கு. "அப்பா ரூமுக்கு நிழல் வேணும்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார். ஏன் சொல்லவில்லை? ஜெயிக்கக் கணக்கே போதும் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 20
உச்சியை மட்டும், சுமார் இரண்டு மீட்டர், அறுத்தார்கள். அப்பா அறைப் பக்கத்துக் கிளைகள் அப்படியே. அதே பத்து மீட்டரில் இந்த முறை டாக்டரே பாகைமானியைப் பிடித்தார்.

"இருபத்தொம்பது. இருங்க, என் கண்ணு வரைக்கும் டேப் வைங்க."

ஒன்று புள்ளி ஆறு. 29 டிகிரிக்கு வரும் ஐந்தரையோடு கூட்டினால் ஏழு புள்ளி ஒன்று.

"இந்தத் தடவ எதையும் விட்டுடலயே?"

இல்லை என்றேன். அப்பா மத்தியானம் முழுக்கத் தூங்கினார்.