இருபத்திரண்டு வளைவுகள்

ஜூலை 8, செவ்வாய். காலை மழை, பிறகு வெயில்.
டாக்டரம்மா சொன்ன நோட்டு இது. என்ன செய்தேன், அப்புறம் உடம்பு எப்படி, இரண்டும் எழுதணுமாம்.
குளியல். தோசை இரண்டு. துணி மடித்தது. படுக்கை.
எனக்குக் கோவிட் வந்து பதினோரு மாதம். ரிப்போர்ட் எல்லாம் நார்மல். டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்:
"நார்மல்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தமில்ல, கேட்டோ. காரணம் முழுசா யாருக்கும் பிடி கிடைக்கல. இதுக்குன்னு தனி மருந்தும் இல்ல. இன்னைக்கு சக்திக்கு மிஞ்சி எதாவது செஞ்சா, ரெண்டு நாள் கழிச்சு உடம்பு படுத்திடும். மிஞ்சாம இருங்க."
அங்கேயே அழுதுவிட்டேன். என்னை நம்பிய முதல் ஆள்.
மாலை படுத்தபடியே கண்ணை மூடி, மனசுக்குள் பொன்முடி மலை பஸ்ஸில் ஏறினேன். பதினாலு வருஷம் கண்டக்டராக நின்ற பாதை. கல்லாறு தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு. ஈரக்காற்று. இரண்டு, மூன்று... தினமும் ஒன்பதாம் வளைவுக்குள் தூங்கிவிடுகிறேன்.

9, புதன். மூட்டம்.
டெப்போவிலிருந்து போன். திங்களுக்குள் சொல்லணும். பஸ்ஸா, உட்கார்ந்து பார்க்கும் ஆபீஸ் வேலையா. ஆபீஸாம்! வளைவில் கம்பி பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுத்தவள் நான்.
வீட்டுக்காரர்: "நீ கம்பி பிடிச்சியா இல்லியான்னு எவன் பாத்தான்?"
எனக்குத் தெரியுமே.

10, வியாழன். நல்ல வெயில்.
உடம்பு லேசு. வீட்டுக்காரரிடம் சொல்லாமல், நிஜமாகவே பொன்முடி பஸ் ஏறினேன். டிரைவர் பிஜு, ஆறு வருஷம் என்னோடு ஓட்டியவன். "அய்யோ சேச்சி! மெலிஞ்சு போயல்லோ!"
புதுக் கண்டக்டர் பெண் டிக்கெட் மிஷினோடு மல்லுக்கட்டுகிறது. வாங்கிக்கொண்டேன். சட்டப்படி தப்பு, போகட்டும். ஏழாம் வளைவில் மூடுபனி உள்ளே வந்தது. முகங்கள் இல்லை, நீளும் கைகள் மட்டும். இருபத்திரண்டும் நின்றே முடித்தேன். டெப்போவுக்குப் பதில் பஸ்தான், வேறென்ன!

11, வெள்ளி. சாரல்.
ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா சும்மா பயமுறுத்துகிறார்.

12, சனி. ஜன்னல் மூடியிருக்கு.
எழ முடியவில்லை. பேனா கனம். வெளிச்சம் கண்ணுக்கு ஆகவில்லை. வீட்டுக்காரர்தான் கஞ்சி ஊட்டினார். நோட்டைப் படித்தார். வியாழக்கிழமைப் பக்கத்தில் நின்றார். திட்டு விழும் என்று நினைத்தேன்.
"இருபத்திரண்டுமா?"
"ஆமா."
"கம்பி?"
"தொடல."
என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

14, திங்கள். தூறல் சத்தம்.
டெப்போவிடம் சொல்லியாச்சு. ஆபீஸ்தான். இப்போதைக்கு. போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன்.
மத்தியானம் அந்தப் புதுக் கண்டக்டர் பெண் பஸ்ஸிலிருந்து போனில் கூப்பிட்டாள். "சேச்சியோட வீட்டுக்காரர் பிஜு சேட்டன்கிட்ட எல்லாம் சொல்லிச்சு. சேச்சி ஒண்ணும் பேச வேண்டாம், கண்ணு மூடினா போதும்."
டபுள் பெல், பஸ் கிளம்பியது. கியர் மாறும் உறுமல். அவள் வளைவுகளை எண்ணுகிறாள்.
ஒன்பது வந்தது. தூங்கவில்லை.
பத்து.