சிக்னல் நல்லாத்தான் இருந்தது

அன்பு ஜெனிதாவுக்கு, மஸ்கட்டிலிருந்து உன் வீட்டுக்காரன் பிரசாத் எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா?

நேற்று கொரோனா டெஸ்டுக்கு என் மூக்கில் குச்சி விட்டார்கள். நான் போட்ட கூச்சலில் பின்னால் நின்ற வரிசையே கலைந்துவிட்டது. என்னோடு கடலுக்கு வரும் போட்டுக்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். ரிசல்ட்டில் ஒன்றுமில்லை, பயப்படாதே.

இந்த வீரன்தான் உன்னிடம், "ஆஸ்பத்திரிக்குப் போவாத, ஒட்டிக்கும்" என்று போனிலேயே உத்தரவு போட்டான். அதில் இரண்டு செக்கப் போச்சு. செவ்வாய்க்கிழமை நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே நர்சம்மா நம் குப்பத்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "ஏழு மாசம், பிரஷர் ஏறிக்கீது, இன்னாம்மா இவ்ளோ அலட்சியம்? ஒழுங்கா தூங்குறியா, அழுதுக்கினே கீறியா?" என்று கேட்டதெல்லாம் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. நீ, "எனக்குத்தான் பயம் சிஸ்டர்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் சிக்னல் போச்சு என்று உன்னிடம் புளுகினேன்.

இனி ஒரு செக்கப்பையும் விடாதே. அடுத்த ஸ்கேன் படத்தைப் போனில் அனுப்பு. நீ சிரிக்கிற போட்டோ ஒன்றும் அனுப்பு, பழையது பார்த்துப் பார்த்தே தேய்ந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் டில்லிபாபு கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், அவனுக்கு ஏர்போர்ட் வண்டி வந்துவிட்டது.

அன்று நான் வாய்க்குள்ளேயே விழுங்கியது இதுதான்: "சிஸ்டர், அவளத் திட்டாதீங்க. போவாதன்னு சொன்னது நான்தான்."