அம்மா சமைக்க மாட்டாள்

என் கண்ணான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும், வெளியே வர நாள் பார்த்துக்கொண்டிருக்கிற சின்னவரும் நலமா என்பதுதான் இங்கே காலையும் மாலையும் பேச்சு. கால் வீக்கம் வடிந்ததா? இரவில் தலையணையைக் காலுக்கு வைத்துப் படு. தலைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போனில் சொல்லாமல் இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் என்றால் நடுவில் நீ அழுவாய், நான் இருமுவேன், அம்மா பிடுங்கி வைத்துவிடுவாள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முட்டி வலி, பிரசவத்துக்கு வர முடியாது என்று அம்மா சொன்னாள் இல்லையா? முட்டிக்கு ஒரு கேடும் இல்லை. இன்று காலைகூட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தாள். விஷயம் வேறு. எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க, எழுதாம போங்க. எனக்குப் படிச்சு மட்டும் காட்டாதீங்க" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஆலையில் பழமும் காய்கறியும் நறுக்கி டப்பாவில் அடைக்கிறார்கள். வாங்குகிறவர்கள் அப்படியே பிரித்துச் சாப்பிடுவார்கள். அதற்குப் பிறகு அடுப்பு கிடையாது, கொதிக்கிற தண்ணீர் கிடையாது. நறுக்குகிற கைதான் கடைசிக் கை. அதனால் நறுக்கும் கூடத்துக்குள் போவது லேசில்லை. செருப்பை மாற்ற வேண்டும். தொப்பி, அங்கி போட வேண்டும். முழங்காலால் தள்ளித் திறக்கிற குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழிப்பறைக் கதவு கூடத்தைப் பார்த்துத் திறக்கக் கூடாது என்று நடுவில் ஒரு நடை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். அங்கே போகுமுன் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பினால் கழுவலெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அந்தக் கூடத்து வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் திருப்பிப் பார்ப்பவள் உன் அம்மா. பெண்கள் அவளுக்கு 'நகப் போலீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கட்டின புருஷன் என்று எனக்கும் சலுகை இல்லை. ஒருமுறை இயந்திரம் நின்றுவிட்டது என்று, சரிசெய்ய அவசரமாகத் தொப்பி இல்லாமல் போனேன். இருக்கிறதே நாலு முடி, அதற்கொரு தொப்பியா என்று கேட்டுவிட்டேன். "அந்த நாலும் வந்து விழுறதுக்கு என் தட்டுதான் கிடைச்சுதா?" என்று எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பினாள். இன்றைக்கும் பெண்கள் என்னைப் பார்த்தால் தலையைத் தடவிக் காட்டுவார்கள்.

இந்த வருடம் ஆலையில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்தார்கள். அதில் அம்மாவுக்கு டைபாய்டு கிருமி இருப்பதாக வந்தது. பயப்படாதே, அவளுக்குக் காய்ச்சல் இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை. முன்பு ஒரு நீண்ட காய்ச்சலில் படுத்துத் தேறினாளே, அப்போது வந்த கிருமி சிலர் உடம்பில் போகாமல் குடியிருந்துவிடுமாம். குடியிருக்கிற ஆளை ஒன்றும் செய்யாது, ஆனால் அவர் கைபட்ட சாப்பாட்டின் வழியாக அடுத்தவருக்குப் போகும். எல்லாச் சோதனையிலும் தென்படாது என்பதால் முந்தின சோதனையில் அகப்படவில்லை என்றார் டாக்டர்.

அன்றைக்கே அவளைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். யாரும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அட்டைப்பெட்டி மடிக்கிற கொட்டகைக்கு மாற்றினார்கள். அவள் தானாகவே மதியச் சாப்பாட்டை ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். கூடத்தில் ஒரு கண்ணாடிக்காரப் பெண் உண்டு. நகம் வளர்த்ததற்காக அம்மாவிடம் அதிகம் திட்டு வாங்கியவள் அவள்தான். அவள் சாப்பாட்டு டப்பாவோடு நேரே கொட்டகைக்கு வந்து, "நீங்க கை கழுவுற மாதிரி இந்த ஆலையில ஒருத்தரும் கழுவ மாட்டாங்க. தள்ளி உட்காருங்கக்கா" என்று பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம். வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லும்போதுதான் அம்மா முதல்முறையாக அழுதாள்.

வீட்டில் இப்போது நான்தான் சமையல். அம்மா சமையலறைக்குள் கால் வைப்பதில்லை. வாசலில் நின்று, போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை ஆட்டி உத்தரவு போடுகிறாள். முதல் நாள் நான் வடித்த சோறு பாதி வெந்து பாதி அரிசியாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து போனாள். நான் பயந்தே போனேன். போன ஞாயிற்றுக்கிழமைதான், "இது பருப்பா, சுவத்துக்குப் பூசுறதா?" என்று கேட்டாள். அப்பாடா என்று இருந்தது.

மருந்து சாப்பிடுகிறாள். முடிந்ததும் மறுபடி மறுபடி சோதிப்பார்கள். கிருமி விட்டதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும் என்கிறார் டாக்டர், உறுதி சொல்லவில்லை. உன் பிரசவத்துக்குள் தெரியாது.

டாக்டரிடம் அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்டாள். அவர், "தாராளமா தூக்குங்கம்மா. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தூக்குங்க. சமைக்கிறது, பால் கலக்குறது, ஊட்டுறது மட்டும் வேண்டாம்" என்றார். தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "பிரசவத்துக்கு நான் போகலை" என்றுவிட்டாள்.

ஏன் என்று உனக்குத் தெரியும். போன விடுமுறைக்கு நீ இங்கே வந்திருந்தபோது, பார்த்துப் பார்த்துச் செய்து, வேண்டாம் வேண்டாம் என்ற உனக்கு உருட்டி உருட்டிக் கையில் வைத்தாள். ஊருக்குத் திரும்பி நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். அதுவும் இதே காய்ச்சல். அதையும் டாக்டரிடம் கேட்டாள். "யார் மூலமா வந்துச்சுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. வழியில குடிச்ச தண்ணியாகூட இருக்கலாம்" என்றார். அவள் காதில் விழுந்தது 'சொல்ல முடியாது' என்பது மட்டும்தான். அதற்குப் பிறகு இதைப் பற்றி என்னிடமும் பேசவில்லை. உன்னிடம் ஒருநாளும் கேட்க மாட்டாள். நீ போனில் கலகலவென்று பேசுகிறபோது போனைச் சற்று தள்ளிப் பிடித்துக்கொள்கிறாள்.

நான் லீவு சொல்லிவிட்டேன், இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் போட்டுவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நீ ஒரு போன் போட்டு, அம்மா நீ வா என்று சொல்ல வேண்டும். சமைக்க வேண்டாம், சும்மா வந்து பக்கத்தில் உட்கார் என்று சொல். பிரசவமான உனக்கும் மாப்பிள்ளைக்கும் நான் சமைத்துப் போடுகிறேன். மாப்பிள்ளை இப்போதே மனதைத் திடப்படுத்திக்கொள்ளட்டும். வீட்டில் அம்மாவுக்கென்று தனிச் சோப்பு, தனித் துண்டு வை. அவளே கேட்பாள், அதற்கு முன் நீ வைத்துவிட்டால் அவளுக்குக் கூச்சம் குறையும். உனக்கோ மாப்பிள்ளைக்கோ மனதில் தயக்கம் இருந்தால் எனக்கு எழுது. தவறாக நினைக்க மாட்டேன், அவளுக்குச் சொல்லவும் மாட்டேன்.

தயக்கம் இல்லையென்றால் இன்னும் ஒன்று. நாங்கள் வந்ததும் அவள் குழாயடிக்குப் போவாள். வெகுநேரம் வர மாட்டாள். நீ கூப்பிடாதே, என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்காதே. வந்து கதவோரம் நிற்பாள். கையை நீட்ட மாட்டாள். நீயாகவே எழுந்து போய்ப் பிள்ளையை அவள் கையில் கொடு, மகளே.

நல்லபடியாக இரண்டு உயிராகப் பிரிந்து, நீயும் உன் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும்.

உன் போனை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா