தார் றோட்டை விட்டு இறங்காமல்

ஆசை மச்சாளுக்கு,

உங்கள் மகள் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஊர்க்கதை எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் உங்களுக்குப் பொறுமை போய்விடும். சீனக்குடாவில், கப்பலில் வரும் சாமான்களைப் பதிகிற ஓர் அலுவலகம். தர்சினிக்கு அங்கே தனி மேசை, சுற்றுகிற கதிரை. கப்பல்துறையிலிருந்து தினமும் எப்படிப் போய் வருகிறாள் என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்?

சைக்கிளில் போகிறாள். உங்கள் சைக்கிளில்.

கொஞ்சம் இருங்கள் மச்சாள், கோபப்படாமல் முழுவதையும் கேளுங்கள்.

பெற்றோல் வரிசைக் காலத்தில் ஊர் முழுக்கச் சைக்கிளுக்கு மாறியபோது நாமும் மாறினோம். சீனக்குடாக் கன்ரீன் வேலைக்கு நீங்கள் முன்னே, நான் பின்னே. பெற்றோல் திரும்பி வந்தது. கண்டி றோட்டில் வாகனங்களும் முந்திய வேகத்துக்கே வந்துவிட்டன. நாம் மட்டும் சைக்கிளை விடவில்லை. பின்னால் ஒரு ஹோன் கேட்டால் போதும், நீங்கள் தார் றோட்டை விட்டு ஓரத்துக் கிரவலில் இறங்கிவிடுவீர்கள். பஸ்ஸுக்கு இறங்கினீர்கள், வானுக்கு இறங்கினீர்கள். ஒருநாள் நடுறோட்டில் படுத்திருந்த மாட்டுக்குக்கூட இறங்கிப் போனீர்கள். நான் சிரித்தபோது, "அதுக்கும் வழி வேணும்தானே" என்றீர்கள்.

கடைசியாக இறங்கியது ஒரு வானுக்கு. முன்சில்லு கிரவலில் சறுக்கியது. மதகுக் கட்டில் தலை அடிபட்டது. யாரும் உங்களை இடிக்கவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் அதுதான். திட்டித் தீர்க்கலாம் என்றால் ஆள் இல்லை. அந்த வான்காரனுக்கு நீங்கள் விழுந்ததே தெரியுமோ, என்னவோ.

அதன் பிறகு அண்ணன் உங்கள் சைக்கிளைக் கொட்டிலுக்குள் தள்ளிச் சாக்கு போட்டு மூடினார். "இந்த வீட்டில இனி ஒருத்தரும் சைக்கிள் தொடப்படாது" என்றார். எனக்கும் தொடுகிற துணிவு இல்லை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தர்சினிக்கு வேலை கிடைத்தபோதுதான் வீட்டில் சண்டை தொடங்கியது. காலையில் கந்தளாயிலிருந்து வருகிற பஸ்கள் நிரம்பி வழியும். நம்முடைய தரிப்பிடத்தில் பாதி நாள் நிற்காமலே போகும். முதல் வாரத்திலேயே பிள்ளை பலநாள் பிந்திப் போனாள். இனியும் பிந்தினால் வேறு ஆள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்பா, நான் அம்மாட சைக்கிளில போறன்."

"ஏலாது. பஸ்ஸில போ."

"பஸ் நிக்குதில்லையே."

"அப்ப வீட்டில இரு."

பஸ் ஓட்டுகிற மனுசனே பஸ் நிற்காவிட்டால் வீட்டில் இரு என்கிறார். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் பிள்ளை பக்கம் நிற்கவில்லை. அந்தச் சைக்கிளில் அவள் ஏறுவதை நினைக்கவே எனக்குப் பயம்.

உங்கள் மகள் அழவில்லை, கதவை அடித்துச் சாத்தவும் இல்லை. "நீங்கள் பஸ்ஸுக்குள்ள இருந்து சைக்கிளுகளைப் பாக்கிறனீங்கள்தானே. எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டுகிற பஸ்ஸில் கந்தளாய்க்குப் போய் வந்தாள். முன் ஆசனத்தில் இருந்தவள், வழியில் ஒரு பிக்கு ஏறவே, அது குருமாருக்கான ஆசனம் என்பதால் எழும்பி, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாளாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்தாளாம். திரும்பி வரும்போது அவள் தகப்பனைக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அப்பா, இதில ஆரைக் கண்டால் உங்களுக்குப் பயம்?"

அண்ணன் யோசிக்காமலே சொல்லியிருக்கிறார். "ஓரத்தில ஒட்டிக்கொண்டு ஓடுற ஆளைத்தான். எப்ப கிரவலுக்கு இறங்கும், எப்ப வெட்டித் தாருக்கு ஏறும் எண்டு சொல்லேலாது. இரண்டு முழம் உள்ளுக்கு, நேரா வாற ஆள் தூரத்திலயே தெரியும். இடமில்லாட்டி நான் பின்னால மெல்ல வருவன், அவ்வளவுதான்."



அன்று மாலை குசினி வாசலில் வந்து நின்றார். "வசந்தி, இவ்வளவு காலம் பஸ் ஓடுறன். ஓரமா ஓடுற ஆளைக் கண்டால் எனக்கு நெஞ்சு இடிக்கும். ஆனால் தர்சினிட அம்மாவை ஒவ்வொரு நாளும் 'ஓரமாப் போ, கவனமாப் போ' எண்டுதானே சொல்லி அனுப்பினனான்."

 "நீங்கள் சொல்லியோ அவ இறங்கினவ? மாட்டுக்கும் வழி விட்ட ஆள் அவ" என்றேன். அவர் சிரித்தார். சிரித்தபடியே அழத் தொடங்கிவிட்டார். உங்கள் செத்தவீட்டில்கூட அழாத மனுசன், மச்சாள்.

மறுநாள் காலை சாக்கைத் தன் கையாலேயே எடுத்தார். புதுப் பிரேக்குக் கட்டை போட்டார், பின்னால் சிவப்பு விளக்குப் பூட்டினார். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் போடுகிற மஞ்சள் அங்கி எங்கோ தேடி இரண்டு வாங்கி வந்தார். ஒன்று எனக்கு, பிள்ளையோடு நானும் சைக்கிளில் போக. அதைப் போட்டால் நான் றோட்டு வேலைக்கு வந்த ஆள் மாதிரி இருக்கிறேன், நீங்கள் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். ஒரு லீவு நாளில் எங்கள் இருவரையும் றோட்டில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். வந்ததோடு விட்டாரா, வேண்டுமென்றே ஹோன் வேறு அடித்தார். "இறங்காதை. நேராப் போ. திரும்பிப் பார், கையைக் காட்டு, பிறகு அசை." உங்கள் மகள் உடனே பிடித்துக்கொண்டாள். நான்தான் ஒவ்வொரு ஹோனுக்கும் கிரவலுக்கு ஓடினேன். உங்களுக்குப் பின்னால் ஓடிப் பழகிய பழக்கம், வேறென்ன?

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

வேலை முடிந்து வந்துகொண்டிருந்தோம். தர்சினி முன்னே, நான் பின்னே. நீங்கள் விழுந்த அந்த மதகு தெரிகிற இடத்தில் பின்னால் பெரிய ஹோன். பஸ். மதகில் றோட்டு ஒடுங்கும், பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றாகப் போக இடம் காணாது. என் கை தானாகவே ஹான்டிலை இடப்பக்கம் திருப்பியது. முன்னே பார்த்தேன். தர்சினி திரும்பிப் பார்த்தாள், கையைக் காட்டினாள், ஒதுங்காமல் றோட்டின் நடுப்பக்கம் வந்தாள். பிள்ளையை நடுறோட்டில் தனியே விட்டுவிட்டு நான் கிரவலில் இறங்குவதா? நானும் அவளுக்குப் பின்னால் போனேன். விடாமல் பெடலை உழக்கினேன்.

இன்னொரு தடவை ஹோன் அடித்தது. பிறகு ஹோன் ஓய்ந்துவிட்டது. எஞ்சின் சத்தம் முதுகுக்குப் பின்னால் மெல்ல மெல்ல வந்தது. மதகு முழுவதும் அப்படியே வந்தது.

மதகு கடந்து றோட்டு அகன்றதும் பஸ் நன்றாக விலத்தி முந்தியது. அண்ணனுடைய பஸ் இல்லை, முன்பின் தெரியாத பஸ். மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, றோட்டைச் சீதனமாத் தந்தவையோ?" என்றான்.

"ஓம், பாதி" என்றாள் உங்கள் மகள்.

அவன் சிரித்துவிட்டான். யன்னலோரம் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் நிறைந்து றோட்டுத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். எழுந்து போய் தர்சினியின் சைக்கிளுக்குக் காற்று அடித்துவிட்டு வந்தார்.

நேற்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புத்தான். ஒரு முழு பஸ், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்த அத்தனை சனம், எங்கள் இரண்டு பேருக்காக மெல்ல வந்தது. அந்த வானும் வந்திருக்கும், மச்சாள். உங்களுக்காகவும் மெல்ல வந்திருக்கும். நீங்கள்தான் கேட்டுப் பார்க்கவே இல்லை.

கன்ரீனில் இரண்டு பெட்டைகள் தங்களுக்கும் பழக்கிவிடச் சொல்லிக் கேட்கிறார்கள். பழக்குவேன். நாளைக்கும் உங்கள் பிள்ளைக்குப் பின்னால் போவேன். ஒருநாள் அவள் என்னைவிட வேகமாக ஓடித் தனியே போய்விடுவாள், அதற்கும் நான் தயார். ஆனால் இந்த வீட்டிலிருந்து போகிற யாரும் இனி ஒரு ஹோனுக்குப் பயந்து இறங்கமாட்டார்கள். இதை உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன்.

இப்போது ஹோன் அடித்தாலும் நேராகவே போகிற,
உங்கள் சின்ன மச்சாள்,
வசந்தி