இன்றைக்கு அடுப்பு மூட்டலாம்

அண்ணை,

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், காலை பதினோரு மணிக்கு, நான் நான்கு சொற்கள் வாசித்தேன். பலத்த காற்று. தீ அபாயம்.

என் கைப்பேசியில் வந்தது. மகள் அதைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாள். ஆக்லாந்து வானிலைக்குக் கீழே குமார் இருக்கிற ஊரின் வானிலையும் வரும்படி செய்திருக்கிறாள். குமார் என் மகன். நீங்கள் பார்த்ததில்லை, ஆனால் அவன் பிறந்த செய்தி வந்த கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது நீங்கள்தான். இப்போது ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் சூரிய மின்தகடு போடுகிற வேலையில் இருக்கிறான். அன்றைக்கு நான் பாலைவனத்தில், அவன் தொட்டிலில். இன்றைக்கு அவன் பாலைவனத்தில், நான் நியூசிலாந்தில், மவுண்ட் ராஸ்கிலில் மகள் வீட்டுச் சமையலறையில், டீ ஆறிப்போவது தெரியாமல் நான்கு சொற்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

'பலத்த' என்ற சொல்லில் கொஞ்சம் திணறினேன். 'தீ' வந்ததும் திணறல் போய்விட்டது. ஒரே எழுத்து. ஒரே எழுத்தில் அவ்வளவு பெரிய விஷயத்தை வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு இந்தக் கடிதம் ஏன் என்று தெரியும். நீங்கள் கேட்ட கடிதம் இது. இருபத்தெட்டு வருடம் பிந்திவிட்டது. தெருமுனை டெய்ரியில், இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர், ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வரிதான் ஓடும். அதனால் நேற்று எழுதியதையும் இன்று எழுதியதையும் சேர்த்து வாசித்தால் கொஞ்சம் தட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் நம் தொழிலாளர் கேம்ப்பில் சமையல்கட்டுக் கதவில் தினமும் காலையில் ஒரு தாள் ஒட்டுவார்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். வெப்பம் எவ்வளவு, காற்று எவ்வளவு, தீ ஆபத்து உண்டா இல்லையா. சமையல்காரன் அதை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். காற்று பலமாக வரும் நாளில் விறகு அடுப்பு மூட்டக்கூடாது, நூற்றைம்பது பேருக்கும் குப்பூஸ் ரொட்டியும் தயிரும்தான். அதுதான் சட்டம். சமையல்காரன் நான். எனக்கு என் பெயரை வரையத் தெரியும். அதற்கு மேல் ஒரு எழுத்து தெரியாது.

அதைக் கண்டுபிடித்தது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் ஸ்டோர் கீப்பர், அரிசி மூட்டை தர வருவீர்கள். நான் தாளைப் பார்த்துத் தலையாட்டுவதைப் பத்து நாள் பார்த்தீர்கள். பதினோராம் நாள் பக்கத்தில் வந்து, "தம்பி, தாள் தலைகீழா ஒட்டியிருக்கு, நீ அதையும் நல்லா வாசிக்கிறாய்" என்றீர்கள். நான் உலைமூடியைக் கையிலிருந்து விட்டுவிட்டேன். நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து காலையில் டீ வாங்க வரும் சாக்கில் தாளைப் பார்த்துவிட்டு, என் காதில் விழும்படி ஒன்று சொல்வீர்கள். நல்ல நாள் என்றால், "அடுப்பு மூட்டலாம்." காற்று நாள் என்றால், "இண்டைக்குக் குப்பூஸ்தான்."

ஊருக்கு என் கடிதங்களையும் நீங்கள்தான் எழுதினீர்கள், உங்கள் வவுனியாத் தமிழில். என் மனைவி ஒரு தடவை பக்கத்து வீட்டில் சொல்லிப் பதில் எழுதி அனுப்பியிருந்தாள்: "வெளிநாடு போய் உங்க பேச்சே மாறிப்போச்சு, 'நான் நல்ல சுகம், நீர் கவலைப்பட வேண்டாம்'னு போட்டிருக்கீங்க, என்னைய 'நீர்'ங்கறது யாரு?" நீங்கள் அதை வாசித்துவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தீர்கள். அடுத்த கடிதத்திலும் 'நீர்' என்றே எழுதினீர்கள்.

பிறகு அந்த நாள். நீங்கள் பல்வலி என்று விடியற்காலையிலேயே டவுனுக்கு வண்டி ஏறிப் போய்விட்டீர்கள். எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் எனக்கு ஒரு தந்திரம் கிடைத்திருந்தது. காற்று நாளில் ஆபீஸ்காரர் அந்த வரிக்கடியில் சிவப்புப் பேனாவால் கோடு போடுவார். இரண்டு வருடமாகக் கவனித்திருந்தேன். சிவப்பு இருந்தால் குப்பூஸ், இல்லாவிட்டால் சோறு. உங்களிடம் கூடச் சொல்லாமல், எனக்கும் வாசிக்கத் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தேன்.

அன்றைக்குச் சிவப்பு இல்லை. கையெழுத்துப் போட்டேன். அடுப்பு மூட்டினேன்.

கோடு போடுகிற ஆபீஸ்காரர் முந்தின நாள்தான் லீவில் ஊருக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்குக் கோடு போடும் வழக்கம் தெரியாது. தாளில் எல்லாம் எழுதியிருந்தது, கறுப்பில்.

காலை பத்து மணிக்கு ஒரு இலை ஆடவில்லை. பதினொன்றுக்கு வடமேற்கில் வானம் பழுப்பாயிற்று. சமால் என்று அங்கே சொல்வார்களே, அந்தக் காற்று. நான் தண்ணீர் எடுத்து ஊற்றுவதற்குள் ஒரு எரிகிற பலகைத் துண்டு பறந்து போய் நிழல்துணியில் விழுந்தது. ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தார்கள், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தங்கும் அறைகள் போயின. ஒன்று உங்களுடையது.

சாயங்காலம் கன்னத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நீங்கள் வண்டியை விட்டு இறங்கினீர்கள். உங்கள் இரும்புப் பெட்டி எரியாமல் நின்றது. அதற்குள் உங்கள் மனைவி, எனக்கு அக்கா, எழுதிய கடிதங்கள், ஏழு வருடத்துக் கடிதங்கள், அவரது சேலைக் கரைத் துண்டால் கட்டி வைத்தவை. வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாக எடுத்து வாசிப்பீர்கள், பார்த்திருக்கிறேன். மூடியைத் திறந்தீர்கள். கட்டு அப்படியே இருந்தது, மடிப்புக் கூடக் கலையவில்லை, முழுக்கக் கறுப்பாக. நீங்கள் தொடுவதற்குள் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் அழுதேன். நீங்கள் பல்வலியோடு சொன்னீர்கள்: "விடு தம்பி. எல்லாம் எனக்குப் பாடம். வாசிச்சு வாசிச்சு மனப்பாடம்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீ ஒண்டு செய். ஒரு நாள் உன்ரை கையாலை எனக்கு ஒரு கடிதம் எழுது. அப்ப சரி" என்றீர்கள்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். வழியில் நான் உங்களிடம், தாள் கிழிந்திருந்தது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். நீங்கள் நடந்துகொண்டே சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "உண்மையெண்டால் நான் இங்கிலீசிலை சொல்லுறன். பொய்யெண்டால் நீயே சொல்லு."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் உண்மையைச் சொன்னேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று, முதல் தடவையாக, வாய்விட்டு. இத்தனை நாள் யார் வாசித்தது என்று மேனேஜர் கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன் நீங்கள் உங்கள் நெஞ்சில் கையை வைத்தீர்கள். இரண்டு பேருக்கும் விமான டிக்கெட்தான் என்று நினைத்தேன். பெட்டி கட்டுவதற்கு உங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்று கூட நினைத்தேன்.

நீங்கள் அவரை வெளியே கூட்டிப் போய், சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களிடம் கேட்கச் சொன்னீர்கள். அந்தத் தாளை யார் யார் வாசிக்கிறீர்கள்? தெலுங்குக்காரர், பெங்காலி, பாகிஸ்தான்காரர், எல்லாரும் மணலைப் பார்த்தார்கள். ஒருவர் மெல்லச் சொன்னார்: சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்போம். பாதிக் கேம்ப் என்னைப் போலவே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்கு ஒரு மாதம் பாத்திரம் கழுவும் தண்டனை. உங்களுக்குத் தினமும் காலையில் சாப்பாட்டு வரிசைக்கு முன்னால் நின்று தாளைச் சத்தமாக வாசிக்கிற வேலை, மூன்று மொழியில். அதற்கப்புறம் நான் அங்கே இருந்தவரை ஒரு பொறி கூடப் பறக்கவில்லை.

கடிதம் மட்டும் நான் எழுதவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சொல்லித் தருகிறேன் என்றீர்கள். நான் வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன். ஊருக்குத் திரும்பின பிறகும் போனில் முதல் கேள்வி அதுதான். "எங்கை கடிதம்?" நானும், "தபால்ல இருக்குண்ணை" என்பேன். "என்ன தபால், ஆமையிலை கட்டி விட்டனியோ?" போன வருடம் நீங்கள் எங்களை விட்டுப் போய்விட்டீர்கள். அதற்கப்புறம்தான் படிக்கத் தொடங்கினேன். வெட்கமான விஷயம்தான். ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார எனக்கு இப்போது நேரமில்லை, வாசிக்க நிறைய இருக்கிறது.

த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் ஞாயிறு மாலை பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு. என் பக்கத்தில் ஃபிஜியிலிருந்து வந்த சாமி என்கிறவர் உட்காருகிறார். பூட்டன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து போன குடும்பம். இங்கிலீஷ் படித்தவர், அதனால் எழுத்தை என்னைவிட வேகமாகப் பிடித்துவிடுவார், பொருள் தெரியாது. எனக்குப் பொருள் தெரியும், எழுத்து பிடிபடாது. "அ-டு-ப்-பு" என்று அவர் கூட்டி வாசித்துவிட்டு, "அண்ணா, என்ன இது?" என்பார். "ஸ்டவ்" என்பேன். எனக்குத் தெரிந்த பத்து இங்கிலீஷ் சொல்லில் அது ஒன்று. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முந்தின நாள்தான் குமார் போன் செய்திருந்தான். கூட வேலை செய்கிற இருபது பேருக்கு வெட்டவெளியில் விறகு மூட்டி, நான் கேம்ப்பில் செய்த பிரியாணி செய்யப் போகிறான், அளவு சொல்லுங்கள் என்று. சொன்னேன். மறுநாள் காலையில் அந்த நான்கு சொற்கள். நேராகப் போனை எடுத்தேன்.

"அடுப்பு மூட்டிட்டியாடா?"

"இன்னும் இல்லப்பா. விறகு அடுக்கிட்டேன். அரிசி ஊறுது."

"மூட்டாத. காத்து வருது."

"இங்க ஒரு இலை ஆடலப்பா."

"அன்னைக்கும் ஆடல."

"யாருப்பா சொன்னா? அக்காவா?"

"அவ ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போய்ட்டா. நானே வாசிச்சேன்."

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு, "என்ன போட்டிருக்கு, வாசிங்கப்பா" என்றான், குரல் ஒரு மாதிரி. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி வாசித்தேன். நான்கு சொல்லையும். திணறாமல்.

"அப்படின்னா கேம்ப்ல மெயில் வந்திருக்கணுமே" என்றான்.

"பாத்தியா?"

"ஞாயித்துக்கிழமை யாருப்பா மெயில் பாக்கறது?" ஆனால் பார்த்தான். "வந்திருக்குப்பா. காலையில அஞ்சு மணிக்கே. திறந்த வெளியில தீ மூட்டக் கூடாதுன்னு."

"எழுதப் படிக்கத் தெரிஞ்ச பிள்ளை" என்றேன்.

"சரி சரி, ஓட்டாதீங்க. ஊறின அரிசிய என்ன பண்றது?"

"உள்ள கரண்ட் அடுப்பு இருக்குல்ல. நாலு தடவையா வடி."

"டேஸ்ட் வராதேப்பா."

"வராது. தின்னுங்க."

சாயங்காலம் ஒரு வீடியோ அனுப்பினான். மணல் எழும்பி வானமே தெரியவில்லை. அவன் அடுக்கி வைத்த விறகில் பாதி எங்கேயோ உருண்டு போயிருந்தது. தங்கும் அறைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் நிற்கின்றன, அண்ணை. நான் எண்ணிப் பார்த்தேன். உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி இதுதான்: ஒன்றும் நடக்கவில்லை.

அன்றிரவே இந்த நோட்டைத் திறந்தேன்.

இப்போது ஒரு விஷயம். அந்தத் தீ யார் மூட்டிய அடுப்பிலிருந்து வந்தது என்று அக்காவுக்கு இதுவரை தெரியாது. "கேம்ப்பிலை நெருப்பு" என்று மட்டும் நீங்கள் எழுதினீர்கள், எழுதும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். போனில் பேசும்போதெல்லாம் அவர் என்னை, "அவருக்குக் கூடப்பிறந்த மாதிரி" என்பார். நான் பேச்சை மாற்றுவேன். மகளிடம் கேட்டேன், இதை அக்காவுக்கு அனுப்பட்டுமா என்று. "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குப்பா, அவங்க மனசு கஷ்டப்படும்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் எரிந்த எழுத்து அவருடையது. அதற்குப் பதிலாக எழுதிய எழுத்து அவர் கைக்குத்தான் போக வேண்டும். உண்மையென்றால் மொழிபெயர்க்க இப்போது நீங்கள் இல்லை, நானே எழுதிவிட்டேன்.

உறையில் வவுனியா விலாசத்தை நானே எழுதினேன். சாமி ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். நாளைக்குத் தபாலில் போடுவேன், இந்தத் தடவை நிஜமாகவே.

அக்கா, இதுவரை வாசித்திருந்தால் இதையும் வாசியுங்கள். நீங்கள் கோபப்பட்டால் அதையும் எழுதி அனுப்புங்கள். யாருடைய உதவியும் இல்லாமல் நானே வாசிப்பேன். அண்ணையின் படத்துக்கு முன்னால் நின்று கீழே உள்ளதை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசித்துவிடுங்கள். அவர் தினமும் எங்களுக்கு வாசித்த மாதிரி. இப்போதெல்லாம் நானும் காலையில் இங்கே வீட்டில் அப்படித்தான் வாசிக்கிறேன், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

ஆக்லாந்து. இன்று மேகமூட்டம். பிற்பகலில் லேசான மழை. காற்று மெதுவாக.

குமார் ஊர். இன்று வெயில். காற்று மெதுவாக. தீ அபாயம் குறைவு.

அடுப்பு மூட்டலாம், அண்ணை.