தாயி என்றால் அக்கா

ஜூன் 12, வியாழன்

குழந்தைகள் வந்து இருபது நாள். சோபானுக்கு இன்றும் என்னால் ஊட்ட முடியவில்லை. தயிர்சாதம் பிசைந்து கையை நீட்டினால் வாயை இறுக்கிக்கொண்டு அக்கா முகத்தைப் பார்க்கிறான். முக்தா என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொள்கிறாள். அவளுக்கு ஒன்பது வயது, அவனுக்கு நாலரை. குளிப்பாட்டுவது, பல் தேய்த்துவிடுவது, படுக்கையை நனைத்தால் துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். காலையில் பார்த்தால் நனைந்த விரிப்பைப் பக்கெட்டில் போட்டுக் கசக்கிக்கொண்டிருக்கிறாள். "மெஷின் இருக்கும்மா" என்றேன் மராத்தியில். "இருக்கட்டும் காகு" என்றாள்.

காகு. பக்கத்து வீட்டுப் பெண்மணி யாராக இருந்தாலும் சித்தி என்று கூப்பிடுகிற அதே காகு.

அவன் நாள் முழுக்க "தாயி, தாயி" என்று அவள் பின்னாலேயே. மராத்தியில் தாயி என்றால் அக்கா. பதினெட்டு வருஷமாகப் புனேயில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் காதில் அது தமிழாகத்தான் விழுகிறது.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். குழந்தை வேண்டும் என்று தவித்தது என் வீட்டுக்காரர் சேஷு. நான் நாற்பது தாண்டியபோதே மனதை மூடிவிட்டேன். தத்துக்கு எழுதிவைத்து ஏழு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு குழந்தைகள் ஹோமிலிருந்து போன் வந்தது - அக்காவும் தம்பியும், சேர்த்துத்தான் தருவோம் என்று. அன்றைக்கு சேஷுவின் முகம் இருந்த இருப்பைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சேஷு சோபானுக்குச் சிவப்பு சைக்கிள் வாங்கி வந்தார். பால்கனியில் நிற்கிறது. யாரும் தொடவில்லை.

ஜூன் 23, திங்கள்

இப்போது பழகிவிட்டது. சாயங்காலம் கதவில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டால் சோபான் கட்டிலுக்கு அடியில். நிக்கர் நனைந்திருக்கும். முக்தா கட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் எழுதுகிற மாதிரி இருப்பாள். சேஷு வாசலிலேயே நின்று, ஷூவைக் கழற்றாமல், "நான்தான்டா" என்பார். அதற்கு இன்னும் உள்ளே நகர்வான்.

இன்று ஹோமிலிருந்து ஷபானா மேடம் பார்க்க வந்தார். பெற்ற அப்பன் அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே அடிதானாம். "உங்க ஹஸ்பண்ட் மேல தப்பே இல்லை. ஆம்பளைக் குரல் போதும், அவனுக்கு" என்றார் ஹிந்தியில். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஒரு வருஷம் ஆகலாம், மூன்று வருஷம் ஆகலாம். ஆகஸ்டில் கலெக்டர் ஆபீஸில் தத்து ஆர்டர் வரும். அதுவரை சட்டப்படி அவர்கள் ஹோம் பிள்ளைகள்தான், எங்களிடம் வளர்கிறார்கள், அவ்வளவே.

சேஷு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிளைத் துடைக்கப் போனார்.

ஜூலை 6, ஞாயிறு

என்னவென்று எழுதுவேன்.

சோபான் பால் டம்ளரை லேப்டாப் மேல் கவிழ்த்துவிட்டான். சேஷு "டேய்!" என்று மேஜையை ஓங்கித் தட்டினார். மேஜையைத்தான். முக்தா எங்கிருந்தோ ஓடிவந்து அவர் முன்னால் நின்றாள். இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கன்னத்தைக் கொஞ்சம் தூக்கி - பள்ளிக்கூடத்தில் ஊசிக்கு நிற்கிற பிள்ளை மாதிரி. "அவனை வேண்டாம் காகா. என்னை அடிங்க." அழவில்லை. அவசரமே இல்லாத குரல்.

சேஷு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் யாரையாவது ஒரு தடவை அடிச்சிருக்கேனா நீலா? சொல்லு, அடிச்சிருக்கேனா?"

ஜூலை 10, வியாழன்

மேல்மாடி பரமசிவம் லிஃப்ட்டில் கேட்டார். "ஏங்க, உங்க வீட்டுக்காரரு தெனமும் கீழ காருக்குள்ளயே ஒரு மணி நேரம் உக்காந்திருக்காரே, ஏதும் பிரச்சினையா?"

ஆபீஸிலிருந்து வருகிற வழியில், ஹிஞ்சவடியில் டிராஃபிக் என்றல்லவா என்னிடம் சொல்கிறார்!

ஜூலை 13, ஞாயிறு

கேட்டுவிட்டேன். மறைக்கவில்லை. "நான் என் ஆத்துக்குள்ள நுழைஞ்சா ஒரு குழந்தை பயந்து ஒண்ணுக்குப் போறது. இதுக்கா ஏழு வருஷம் காத்துண்டிருந்தேன்?"

"திருப்பி அனுப்பிடலாம்னு சொல்றேளா?"

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

சோபானுக்கு நாலு நாளாக ஜுரம். முக்தா அசந்து தூங்கிவிட்டாள், பாவம். மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி நனைத்துப் போட்டேன். அவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான், அக்கா என்று நினைத்து. பிறகு கண் திறந்தான். நான் என்று தெரிந்தது. விடவில்லை.

எனக்கு வேண்டாம் என்றுதானே இருந்தேன்? இப்போது எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறது? பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சேஷு மெட்ராஸ் ஆபீஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருக்கிறார். "நான் கையெழுத்துப் போட்டுடறேன். ஹோம்ல கேட்டா சந்தோஷமா இருக்கோம்னு சொல்லிடறேன். ஆர்டர் வந்தப்பறம் நான் அங்கேயே இருந்துக்கறேன். உனக்கு அவா வேணும்னு தெரியறது. என்னால முடியலடி."

சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர் போகிறேன் என்கிறார், நான் சரி என்கிறேன். என்ன பெண் நான்?

ஆகஸ்ட் 7, வியாழன்

ஷபானா மேடத்தின் கடைசி விசிட். நானும் சேஷுவும் சோஃபாவில் ஒட்டி உட்கார்ந்து சிரித்தோம். சோபான் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான் என்றேன். அப்பாவிடம் ஒட்டிக்கொள்கிறானா என்று மேடம் கேட்டார். ஒட்டிக்கொள்கிறான் என்றார் சேஷு, தரையைப் பார்த்து.

முக்தாவின் சம்மதத்தையும் கேட்க வேண்டுமாம், சட்டம். அவளை மட்டும் மேடம் உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். இருபது நிமிஷம். வெளியே வந்ததும் முக்தா தம்பிக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னதை மேடம் எழுதி வைத்திருந்தார், அப்படியே படித்தார். "காகா நல்லவர். எங்களால்தான் வீட்டுக்கு வருவதில்லை, கீழே காரில் இருக்கிறார். காகு குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். அவர்களுடைய வீடு அவர்களுக்கு வேண்டும். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்."

நான் அழவே இல்லை, அவள் பொய் சொல்கிறாள் என்று கத்தினேன். ஒன்பது வயதுக் குழந்தையைப் பொய் சொல்கிறாள் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

"அந்தப் பொண்ணே நிஜத்தைச் சொல்லிட்டா. இனிமே நான் எந்த மூஞ்சியை வெச்சுண்டு பொய் சொல்றது?" - சேஷு. நான் அவர் காலில் விழாத குறைதான், அவர் அசையவில்லை. இருவரும் சம்மதித்தால்தான் ஆர்டர்.

ஆகஸ்ட் 18, திங்கள்

லீவு முடிந்து டியூட்டியில் சேர்ந்தேன். தாபோடியில் லோக்கல் பிடித்து, தேஹு ரோடில் இறங்கி, ராணுவ டிப்போ கேட்டில் பாஸ் காட்டி, என் சீட். பக்கத்து சீட் கரோலின் "பசங்க எப்படி இருக்காங்க?" என்று டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள். ஹோமுக்குப் போய்விட்டார்கள் என்றேன். அவள் டப்பாவை மூடிவிட்டாள்.

சேஷு மெட்ராஸ் போகவில்லை. ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். இருவரும் டிவி பார்க்கிறோம்.

பிள்ளைகள் போன வியாழக்கிழமையைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுதிவிடுகிறேன். முக்தா பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டாள். நாங்கள் வாங்கிக் கொடுத்த உடுப்புகளை மடித்துக் கட்டிலில் தனியாக அடுக்கியிருந்தாள். நான் அதையும் பைக்குள் திணித்தேன். சோபான் ஊர்சுற்றப் போகிற சந்தோஷத்தில் இருந்தான். அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவன் அக்காகூட.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு முக்தா திரும்பினாள். "போயிட்டு வரேன் காகு." தமிழில். பால் வாங்க, மருந்து வாங்க என்று நான் கீழே இறங்கும்போதெல்லாம் அவர்களிடம் சொல்கிற வார்த்தை. வீட்டை விட்டுப் போகிறவர்கள் இப்படித்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணியிருப்பாள். வரேன் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

போயிட்டு வா என்று நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.