பச்சை எரிந்தால் சரி

மார்ச் 3

டேய் ஸ்ப்ரிங்,

பேனா பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதி வருடக்கணக்காகிறது. கடைசியாக எழுதியது பொறியியல் பரீட்சை. உன் டாக்டரம்மா போன், டிவி எதையும் பார்க்கக் கூடாது, காதில் வைத்துப் பேசவும் கூடாது என்று சொல்லிவிட்டதால் நான் விரல் வீங்க எழுத வேண்டியிருக்கிறது. தங்கச்சி, நீதான் அவனுக்குப் படித்துக் காட்டுவாய் என்று தெரியும். நடுவில் கெட்ட வார்த்தை வந்தால் தாண்டிப் போய்விடும்மா.

போன வருடம் நீ டூப் போட்ட படம் வந்துவிட்டது, பார்த்தேன். மாடியிலிருந்து கார் மேல் விழுவது நீதான் என்று முதுகை வைத்தே கண்டுபிடித்தேன். ஹீரோவுக்கு அவ்வளவு முதுகு கிடையாது. விழுந்தது அருமை. படம் குப்பை. ஹீரோவின் மண்டையில் இரும்புக் குழாயால் அடிக்கிறார்கள். அடுத்த நிமிடம் எழுந்து வசனம் பேசுகிறான். அடியாட்கள் ஒரு குத்தில் மயங்கி, கதை முடியும் வரை மயங்கியே கிடக்கிறார்கள். ஒருத்தனுக்கும் வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை. போன மாதம் கயிற்றுச் சண்டையில் நீ தூணில் மோதிக்கொண்டு, எழுந்து நின்று, யாருடைய கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம் என்று கேட்டாயாமே. அதை எந்தப் படத்திலாவது எடுப்பார்களா?

என் வேலை அப்படியேதான். கடைக்கு வருவதற்கு முன்னால் எல்லாச் சாமானும் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்து உதை வாங்குகிறது. இந்த வாரம் மடிக்கிற போன். ஒரு இயந்திரம் அதை இரண்டு லட்சம் தடவை மடித்து விரிக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும். அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டில். குடிக்கும் நேரம் வந்தால் நீலமாக எரியும். தாகம் எடுப்பது தெரியாதவன் பாட்டில் எரிந்தா குடிக்கப் போகிறான்? "விற்காது" என்று அறிக்கையில் எழுதினேன். "உன் அபிப்பிராயத்தை எவன்யா கேட்டான், ஒழுகுதா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்றார் மேலாளர். ஒழுகவில்லை.

தலை எப்படி இருக்கிறது? சுற்றி வளைக்காமல் எழுது.

மீட்டர்

~

மார்ச் 14

டேய் மீட்டர்,

ஒரு நாளைக்கு ஐந்து வரிதான் எழுத முடிகிறது. அதற்கு மேல் எழுத்து நெளிகிறது. ஆகவே இது நான்கு நாள் கடிதம்.

வீட்டுக்காரி ஜன்னலுக்குப் போர்வை கட்டி வைத்திருக்கிறாள். நாள் முழுக்க இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன், போட்டோ கழுவும் அறை மாதிரி. டாக்டரம்மா வாரம் ஒரு தடவை கண்ணில் டார்ச் அடிப்பார். நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொல்வார். "டாக்டர், அடிபடறதுக்கு முன்னாடியும் எனக்கு இது வராது" என்றேன். சிரிக்காமல் குறித்துக்கொண்டார். எப்போது வேலைக்குப் போகலாம் என்றால் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள். அதே பாட்டு.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டன்ட் மாஸ்டர் வீட்டுக்கே வந்தார். ஏப்ரல் கடைசியில் பெரிய சண்டைக் காட்சி. நான் வந்தால் இந்தத் தடவை டூப் மட்டுமில்லை, அவருக்கு உதவியாளர். அடிகளை நானே அமைக்கலாம். "வரலேன்னா தப்பா எடுத்துக்காதப்பா, வேற ஒருத்தன வச்சுக்கறேன்" என்றார். பதினோரு வருடமாக அடுத்தவன் முகத்துக்காக விழுகிறேன்டா. இது போனால் இனி வராது.

நெற்றியில் கட்டும் பட்டை ஒன்று உங்கள் கூடத்துக்கு வந்திருக்கிறது, தலையில் விழும் அடியை அளக்கும் என்று ஒருநாள் சொன்னாயே. அதைக் கொஞ்சம் அனுப்பு. டார்ச்சைவிட உன்னை நம்புகிறேன்.

ஸ்ப்ரிங்

~

மார்ச் 22

டேய் ஸ்ப்ரிங்,

பட்டை இத்துடன் வருகிறது. இன்னும் கடைக்கு வராத சாமான். கூடத்தில் சொல்லாமல் எடுத்திருக்கிறேன், அக்கம்பக்கத்தில் காட்டிப் பெருமை அடித்துவிடாதே.

இந்த வருடம் என் மேசைக்கு வந்ததிலேயே உருப்படியான ஒரே பொருள் இதுதான். மணிக்கட்டில் கட்டும் கடிகாரங்கள் நீ தூங்கினாயா என்று உனக்கே கதை சொல்லும். இது அப்படியில்லை. எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், எத்தனை அடி, எல்லாம் பதிவாகும். டாக்டர்களுக்கும் அளவுக்கும் ஆகாது. "இன்னும் கொஞ்ச நாள்" என்பது எந்தக் கணக்கில் வருகிற அலகு? நான் அப்படி ஓர் அறிக்கை எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கட்டும் முறை: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் விட்டு இறுக்கமாகக் கட்டு. பொத்தானை மூன்று எண்ணும் வரை அழுத்து. பச்சை எரிந்தால் சரி. சிவப்பு எரிந்தால் கழற்றி எனக்கு அனுப்பு. அவ்வளவுதான், குழந்தைகூடக் கட்டும்.

பயிற்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கராத்தே வகுப்பில் நாம் ஓடு உடைத்ததெல்லாம் வித்தை. ஓடு திருப்பி அடிக்காது. ஒன்பது வருடத்தில் அங்கே உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: குத்திய கை தாடைக்குத் திரும்ப வேண்டும். உன் கை எப்போதும் தாமதமாகத்தான் திரும்பும். நான் கறுப்புப் பட்டை வாங்காமல் பழுப்போடு நின்றவன்தான், ஆனால் என் கை திரும்பிவிடும். முதலில் அதைச் சரி செய். சும்மா இருட்டில் உட்கார்ந்திருந்தால் உடம்பு துருப்பிடிக்கும்.

மீட்டர்

~

ஏப்ரல் 9

டேய் மீட்டர்,

நீ தெய்வம்டா. கட்டினேன், பச்சை. முதல் நாள் ஸ்கிப்பிங் மட்டும் ஆடினேன், பச்சை. மறுநாள் மொட்டை மாடியில் குட்டிக்கரணம், பச்சை. போன வாரம் நம் பழைய கோஷ்டியில் இரண்டு பேரை வரவழைத்து மெதுவாக மோதிப் பார்த்தேன். காதோரம் ஒரு உதை விழுந்தது. உடனே விளக்கைப் பார்க்கச் சொன்னேன், பச்சை.

இவள்தான் நச்சரிக்கிறாள். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறேனாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேனாம். "உன் கண்ணு பெருசா, மெஷின் பெருசா?" என்றேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை. டாக்டரம்மாவிடம் போவதையும் நிறுத்திவிட்டேன். பதினேழாம் தேதி படப்பிடிப்பு இடத்துக்குக் கிளம்புகிறேன். அடிகளை அமைத்து மனசுக்குள்ளே ஓட்டிப் பார்க்கிறேன்: நாற்காலி, தூண், ஜன்னல்.

இவள்தான் நச்சரிக்கிறாள். டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுகிறேனாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேனாம்.

படம் வந்ததும் முதல் அபிப்பிராயம் நீதான் சொல்ல வேண்டும். திட்டினாலும் சரி.

ஸ்ப்ரிங்

~

ஏப்ரல் 23

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. மன்னிக்கவும். உங்கள் எண்ணுக்கு இரண்டு முறை கூப்பிட்டேன். குரல் வந்ததும் என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் தேதி ஒத்திகையில் ஒரு நாற்காலி அவர் தலையில் பட்டதாம். படத்துக்காகச் செய்த தக்கை நாற்காலி. பட்ட இடத்தில் சிராய்ப்புகூட இல்லை. கொஞ்சம் உட்காரச் சொன்னார்களாம். இவர் நெற்றியைக் காட்டி, "பாருங்க, பச்சைதான எரியுது, எடுங்க மாஸ்டர்" என்றாராம். மறுபடி எடுத்தார்கள். அதில் ஒருவரும் அவரைத் தொடவே இல்லை என்கிறார்கள். தானாகவே விழுந்தார்.

மண்டையைத் திறந்து ஆப்பரேஷன் செய்திருக்கிறார்கள். கண் திறக்கிறார். வலது கை அசையவில்லை. பேச்சு இன்னும் வரவில்லை.

டாக்டர் அந்தப் பட்டையை மேசையில் வைத்து, இது என்ன, எதைக் காட்டும், யார் கொடுத்தது என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் கடிதத்தில் இருந்த ஒரு வரி. அதை நான்தான் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பச்சை எரிந்தால் சரி என்றால் எது சரி, அண்ணா? டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சரியாக எழுதி அனுப்புங்கள்.

தங்கச்சி

~

ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

பச்சை எரிந்தால் பட்டை சரி. தோலோடு ஒட்டியிருக்கிறது, பதிவு நடக்கிறது என்று அர்த்தம். சிவப்பு என்றால் பட்டை தளர்ந்துவிட்டது, இல்லையென்றால் பேட்டரி போய்விட்டது. தலையைப் பற்றி அந்த விளக்குக்கு எதுவும் தெரியாது. லாரி மோதினாலும் பச்சைதான் எரியும். பதிவானதை நான் கணினியில் போட்டுப் படித்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பட்டை வாரம் ஒருமுறை என் கைக்கு வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் எழுத மறந்தேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. எங்கள் கூடத்தில் "சரியா?" என்று கேட்டால் சாமான் சரியா என்றுதான் அர்த்தம், மனிதனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு வேறு அர்த்தம் தோன்றவே இல்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அவனுடைய ஏப்ரல் கடிதம் பதிமூன்றாம் தேதியே வந்துவிட்டது. அவன் கிளம்ப நான்கு நாள் இருந்தது. பச்சை பச்சை என்று எழுதியிருந்ததைப் படித்து, பட்டை நன்றாக வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஒரே பத்தியை இரண்டு தடவை எழுதியிருந்தான். அதை வைத்துக் கிண்டல் பண்ணி ஞாயிற்றுக்கிழமை பதில் போடலாம் என்று மேசையில் வைத்தேன். தண்ணீர் வெளியே சிந்துகிறது என்று நீ சொன்னது அதில்தான் இருந்தது. அளக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

இந்தக் கடிதத்தை அப்படியே டாக்டரிடம் கொடு. பட்டையைக் கொடுத்தது நான் என்று கூடத்திலும் சொல்லிவிட்டேன். வேலை போய்விட்டது, அது பெரிதில்லை. நான் வந்து அவனைப் பார்க்கலாமா என்று மட்டும் எழுது.

மீட்டர்

~

ஜூன் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தை டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். இந்தக் கடிதம் முன்பே வந்திருக்கலாம் என்றார், அவ்வளவுதான்.

நீங்கள் வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் எழுந்து நிற்கப் பார்ப்பார். ஜூலையில் அடுத்த சண்டைக் காட்சி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். வேறு ஆள் வைத்துவிட்டார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கை திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கடிதம் வந்ததா என்று தினமும் கேட்கிறார். அதனால் ஒன்று செய்யுங்கள். படத்தைப் பற்றியோ போனைப் பற்றியோ ஏதாவது எழுதுங்கள். உடம்பு, பயிற்சி, இதைச் செய் அதைச் செய் என்று ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. இருந்தால் படிக்க மாட்டேன்.

தங்கச்சி

~

ஜூன் 15

அன்புள்ள ஸ்ப்ரிங்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நேற்று ஒரு சண்டைப் படம் பார்த்தேன். நன்றாக இருந்தது. சண்டைகளும் நன்றாக இருந்தன. எல்லாரும் நன்றாக உழைத்திருக்கிறார்கள். புது போன் ஒன்று கடைக்கு வந்திருக்கிறது. அதுவும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அவரவர் வசதிக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ளலாம்.

வேறு விசேஷம் இல்லை. எல்லாருக்கும் என் அன்பு.

மீட்டர்

~

ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னார். "இத யார் எழுதுனது?" என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். கையெழுத்தைக் காட்டினேன். அதையும் பார்த்தார். "மீட்டர் இப்படி எழுத மாட்டான். அவனுக்கு எந்தப் படம் பிடிச்சிருக்கு? நீயே எழுதி என்னைய ஏமாத்துற" என்றார். அழுதார். இந்த நாலு மாதத்தில் அவர் அழுது நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நீங்கள் பழையபடி எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படி எழுதினால் அவருக்குப் பயமாக இருக்கிறது. நடுவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டேன். இனி எழுத வேண்டாம் அண்ணா.

தபால்காரர் மணி அடித்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார். நேற்று உங்கள் கடிதத்தையே வேறு உறையில் போட்டு, தபால்காரர் கையால் கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன். இடது கையால் பிரித்து, முதல் வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, தபால்காரரைக் கூப்பிட்டு, "வேற வீட்டு லெட்டர் சார், மாத்திக் கொடுத்துட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அவரும் என்னைப் பார்த்துவிட்டு, சரிங்க என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

தங்கச்சி